ஆம்னி வண்டியின் ஓட்டை

கிருஷ்ணப்பனின் ஆம்னி வண்டிக்கு அவர் மகள் நர்மதாவைவிட வயது அதிகம். நர்மதா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வண்டியையும் பள்ளியில் சேர்த்திருந்தால் அது இந்நேரம் கல்லூரிக்குப் போயிருக்கும்.

வெள்ளை வண்டிதான். ஒரு கதவு மட்டும் நீலம். அது வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய கதவு. காசிமேட்டுக் கடற்காற்று பட்டால் இரும்பு சும்மா இருக்காது. முதலில் ஒரு புள்ளி தெரியும். கொஞ்ச நாளில் அது பொத்தான் அளவாகும். அப்புறம் விரல் நுழையும். அப்பா அந்தத் துருவோடு ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுரண்டுவார், செங்காவிப் பெயிண்ட் அடிப்பார், அடிப்பாகத்தில் பழைய என்ஜின் ஆயிலைப் பூசுவார்.

ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் வண்டிக்குச் சந்தனம் வைத்து மாலை போடுவார்கள். அப்பா அதோடு நிறுத்த மாட்டார். வருடா வருடம் வண்டிக்குப் புதிதாக ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். ஒரு வருடம் சீட்டு உறை. ஒரு வருடம் உள்ளே எரிகிற வெள்ளை விளக்கு. ஒரு வருடம் சின்னப் பிள்ளைகள் ஏற வசதியாக ஓர் இரும்புப் படி.

"பண்டிகைக்கு எனக்குப் பொடவ எடுக்க மறந்தாலும் மறப்பாரு. வண்டிக்கு எடுக்க மறக்க மாட்டாரு" என்பாள் அம்மா.

இந்த வருடம் அப்பா தரையைக் கையில் எடுத்தார்.

பின்சீட்டுக்குக் கீழே துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. மெதுவடை அளவு இருக்கும். குனிந்து பார்த்தால் சாலை ஓடுவது தெரியும். வண்டியில் பள்ளிக்குப் போகும் ஒன்றாம் வகுப்பு அஃப்ரித்துக்கு அந்த ஓட்டை என்றால் உயிர். வேர்க்கடலைத் தோல், பென்சில் சீவல் எல்லாவற்றையும் அதன் வழியே போட்டு வழியனுப்பி வைப்பான். ஒருநாள் தன் ரப்பரையும் அனுப்பி வைத்துவிட்டு, பிறகு யோசித்து அழுதான்.

"ஒருநாள் இல்ல ஒருநாள் இவன் கால வுடப் போறான்" என்று பயந்தார் அப்பா. மழைக்காலத்தில் சாலைத் தண்ணீர் ஓட்டை வழியாக மேலே அடித்துப் பிள்ளைகளின் சாக்ஸை நனைப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

எனவே தண்டையார்பேட்டையில் மெக்கானிக் மஜீதின் ஷெட்டுக்கு வண்டி போனது. மஜீது தகடு வைத்து ஓட்டையை அடைத்தார். அதற்கு மேல் தடிமனான மெத்தை விரித்து, அதற்கும் மேல் கறுப்பு ரப்பர் விரிப்பைச் சுவரிலிருந்து சுவர்வரை பசை போட்டு ஒட்டினார்.

"பங்களா கணக்கா கீது நைனா" என்றார் மஜீது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

மறுநாள் வண்டியில் ஏறிய அஃப்ரித் மட்டும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓட்டைய எங்க வச்சீங்க?" என்று கேட்டான்.

வண்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. விடிந்ததும் மீன், அதற்கப்புறம் பள்ளிக்கூடம்.

காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்ததும், மீன் விற்கும் கெங்கம்மாவையும் அவளுடைய அன்னக்கூடைகளையும் ஏற்றிக்கொண்டு அப்பா எர்ணாவூருக்குக் கிளம்புவார். அன்னக்கூடை என்றால் அகலமான அலுமினியப் பாத்திரம். அதில் மீனும் உடைத்த ஐஸும் நிறைந்திருக்கும். எர்ணாவூர்க் குடியிருப்பின் முதல் தெருமுனைதான் கெங்கம்மாவின் கடை. வீட்டுக்காரர் போன பிறகு, அந்தக் கூடைகளை வைத்துத்தான் மகனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

வழியில் காலடிப்பேட்டையில் நர்மதா ஏறிக்கொள்வாள். அம்மா காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முன்னாடியே ஓடிவிடுவாள். அந்த அவசரத்தில் அவளால் நர்மதாவுக்கு ஒரு ஜடைதான் பின்ன முடியும். மறு ஜடை கெங்கம்மாவின் பொறுப்பு.

கெங்கம்மா இடுப்பிலிருந்து ஒரு எலுமிச்சை மூடியை எடுப்பாள். இரண்டு கைகளிலும் நன்றாகத் தேய்த்து, பாட்டில் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொள்வாள்.

"திரும்பி குந்து கண்ணு" என்பாள்.

கெங்கம்மா பின்னினால் ஜடை சாயங்காலம் வரை அசையாது. இழுத்த இழுப்பில் நர்மதாவின் ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி நிற்கும். "ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அத்த" என்று அதே வண்டியில் வரும் அவள் வகுப்புத் தோழி கிறிஸ்டினா சிரிப்பாள்.

எர்ணாவூரில் கெங்கம்மா இறங்கியதும் அப்பா தரையைக் கழுவி, மடித்து வைத்த சீட்டை விரித்துப் போடுவார். அப்புறம் திருவொற்றியூர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராயபுரத்துப் பள்ளிக்கு வண்டி திரும்பும்.

இப்படித்தான் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மழை தொடங்கியது. கூடவே நாற்றமும் தொடங்கியது.

முதலில் கண்டுபிடித்தவன் அஃப்ரித். ஏறியதுமே மூக்கைச் சுருக்கினான்.

"நர்மதாக்கா, வண்டி இன்னிக்கி பல்லு தேக்கலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லை.

அது மீன் வாடை இல்லை. மீன் வாடை நர்மதாவுக்குப் பழக்கம். இது வேறு. ஊறிய துணியும் அழுகிய இலையும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அப்பும். சட்டையில் ஏறிக்கொண்டு வீட்டுக்கும் வரும்.

அப்பா ஊதுபத்தி கொளுத்தினார். எலுமிச்சம்பழம் கட்டினார். சாம்பிராணி போட்டார். கடைசியில் மல்லிகை வாசனை பாட்டில் ஒன்றை வாங்கி மாட்டினார்.

"இப்ப மல்லிப்பூ போட்ட மீன் கொழம்பு வாசன வருது" என்றான் அஃப்ரித்.

அப்பா தரையை இரண்டு தடவை கழுவினார். போதவில்லை என்று மூன்று தடவை கழுவினார். கழுவக் கழுவ நாற்றம் கூடிக்கொண்டே போனது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வண்டிக்கு வருவதை நிறுத்தினார்கள். ஒரு அண்ணனும் தங்கையும் வேறு வேனுக்குப் போனார்கள். இன்னொரு பையனை அவன் அப்பா பைக்கில் கொண்டுவந்து விட ஆரம்பித்தார். காலியான சீட்டுகளைக் கண்ணாடியில் பார்க்காமல் இருக்க அப்பா கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார். நர்மதா அதைக் கவனித்தாள்.

வகுப்பில் கிறிஸ்டினா பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்சம்தான். ஆனாலும் நர்மதா தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். அன்று மாலை அவள் தன் சீருடையை இரண்டு தடவை துவைத்தாள். மழையில் அது காயவே இல்லை. மறுநாள் ஈரத்தோடுதான் போட்டுக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நடுவில் ஆம்னி மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. கெங்கம்மா இன்னும் இறங்கவில்லை. பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து நர்மதாவின் ஜடையைப் பின்னிக்கொண்டிருந்தாள். சாலையோரம் குடையோடு நின்ற கிறிஸ்டினாவின் அம்மா ஜன்னலருகே வந்தாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கிறிஸ்டினா இன்னியிலேர்ந்து ஷேர் ஆட்டோல போறா."

"இன்னாம்மா இப்பிடி சொல்றீங்க? நான் வண்டிய நல்லா கழுவிக்கினுதான் கீறேன்."

"மீனு ஏத்துற வண்டில புள்ளைங்கள ஏத்தினா எப்பிடிண்ணே? ஒண்ணு அது, இல்ல இது. நீங்களே சொல்லுங்க."

அவள் சொல்லிக்கொண்டே முந்தானையால் மூக்கை மூடினாள். அப்போதுதான் உள்ளே கெங்கம்மா இருப்பதைப் பார்த்தாள். மூக்கிலிருந்த முந்தானையைச் சட்டென்று எடுத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நகர்ந்து போனாள்.

நர்மதாவின் ஜடையில் கெங்கம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பின்னத் தொடங்கின. அன்றைக்கு ஜடை இறுக்கமாக இல்லை.

எர்ணாவூரில் கூடைகளை இறக்கிய பிறகு கெங்கம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"நாளைலேர்ந்து நீ எனக்காவ நிக்காத நைனா. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

"அக்கா, அவங்க எதுனா சொல்லிட்டுப் போறாங்க. நீ இதெல்லாம்..."

"அவங்க சொன்னதுல இன்னா தப்பு கீது? படிக்கிற புள்ளைங்க. நான் பாத்துக்கிறேன்."

அப்பா போக வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தலை குனிந்துகொண்டார். இனி ஏற வேண்டாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பல நாளாக அவர் தவித்துக்கொண்டிருந்தார். கெங்கம்மாவே சொல்லிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிதான். நிம்மதியாக இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

மறுநாளிலிருந்து நர்மதாவின் ஒரு ஜடை நேராகவும் ஒரு ஜடை கோணலாகவும் இருந்தது. கோணல் ஜடையை அவளே பின்னிக்கொண்டாள்.

அப்பா நான்கைந்து நாள் கதவுகளைத் திறந்துபோட்டு வண்டியைக் காற்றாட விட்டார். மறக்காமல் தரையையும் கழுவினார். "இனிமே நாறாது" என்று அடிக்கடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வண்டியில் இப்போது மிச்சமிருந்தது அஃப்ரித் மட்டும்தான். அவனுடைய வீட்டில் கொண்டுவிட வேறு ஆள் கிடையாது. அவன் ஏறி உட்கார்ந்து, நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தான்.

"மீன் அத்த போயிட்டாங்க. நாத்தம் மட்டும் போகலயே" என்றான்.

நர்மதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பேச்சு அவள் மனதில் ஒட்டிக்கொண்டது.

அன்று மழை வலுத்திருந்தது. வண்டி ராயபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் கன்டெய்னர் லாரிகளின் ஓரமாக ஒரு பெண் நடந்து வருவது தெரிந்தது. தலையில் அன்னக்கூடை. அதன்மேல் பிளாஸ்டிக் தாள். புடவை முழங்கால் வரை சேற்றில் நனைந்திருந்தது.

"அப்பா, கெங்கம்மா அத்த."

அப்பா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கூடையோட பஸ்ஸுல ஏத்த மாட்டேன்றாங்க போல. ஷேர் ஆட்டோக்காரனும் பாதியில எறக்கி வுட்டிருப்பான்" என்றார்.

"இவ்ளோ நேரத்துக்கு அப்பால போனா யாரு மீன் வாங்குவாங்க? எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்களே."

வைப்பர் மட்டும் கிறீச் கிறீச் என்று போய்வந்தது. கெங்கம்மா அவர்களைப் பார்த்தாளா, பார்க்காத மாதிரி நடந்தாளா என்று தெரியவில்லை. நர்மதாவுக்கு அழுகை வந்தது. அஃப்ரித் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நர்மதா வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மழை விட்டு விட்டுத் தூறியது. அப்பா உள்ளே படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் அவர் துரு சுரண்டாமல் படுத்தது அதுதான் முதல் தடவை.

மீன் அத்த போயிட்டாங்க. நாத்தம் மட்டும் போகலயே.

அப்படியென்றால் நாற்றம் அத்தையோடு வரவில்லை. அத்தை இத்தனை வருடமாக வண்டியில் வந்தாள். போன மழைக்காலத்திலும் வந்தாள். அப்போதெல்லாம் அஃப்ரித் வண்டி பல் தேய்த்ததா என்று கேட்டதில்லை. இந்த வருடம் மட்டும் என்ன வந்தது?

நர்மதா வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். சீட்டு உறை பழையது. விளக்கு பழையது. படி பழையது. புதிதாக வந்தது ஒன்றுதான்.

அவள் காலைத் தூக்கி, பின்சீட்டுக்குக் கீழே விரிப்பை மிதித்தாள்.

சளக்.

இன்னொரு தடவை அழுத்தி மிதித்தாள். விரிப்பின் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் கசிந்து வந்தது. அதைத் தொட்டு முகர்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே குதித்தாள்.

இப்போது அவளுக்கு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் அப்பா தண்ணீர் ஊற்றுவார், அவள் துடைப்பத்தால் தள்ளுவாள். தண்ணீரும் செதிலும் ஐஸ் கரைந்ததும் எல்லாம் அந்த ஓட்டை வழியாகச் சாலைக்குப் போய்விடும். ஓட்டையை அடைத்த பிறகும் அவர்கள் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ஊற்றிய தண்ணீர் விரிப்பின் ஓரங்களில் நுழைந்து, அடியில் இருந்த மெத்தையில் ஊறி, போக வழியில்லாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. கழுவியது எல்லாம் நாற்றத்துக்குத் தீனி போட்டதுதான்.

நர்மதா அப்பாவை எழுப்பினாள்.

"அப்பா, மேட்டக் கிழிக்கணும்."

"எந்த மேட்ட?"

"வண்டியில ஒட்டின ரப்பர் மேட்ட."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "புது மேட்டு. ஆயுத பூஜைக்குப் போட்டது. புள்ளைங்க காலு நனையக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போட்டேன். அதப் போயி கிழிக்கிறதா? போ, போயி எதுனா படி."

நர்மதா போகவில்லை. விரலை அவர் மூக்கருகே நீட்டினாள்.

அப்பா கட்டிலைவிட்டு இறங்கி வந்தார். விரிப்பை அவரும் மிதித்துப் பார்த்தார். சளக். தான் பார்த்துப் பார்த்துச் செய்வித்த ஒன்றைத் தப்பு என்று ஒப்புக்கொள்வது யாருக்கும் சுலபமில்லை. பிறகு உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தார்.

விரிப்பைக் கிழித்ததும் தெருவில் இருந்த இரண்டு நாய்கள் ஆர்வமாக எழுந்து வந்தன. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மெத்தை கஞ்சி மாதிரி ஊறிக் கிடந்தது. அதில் செதில்கள், நெத்திலித் தலைகள், வேர்க்கடலைத் தோல். அடைத்த தகட்டைச் சுற்றி இரும்பு மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"அத்த மேல தப்பு இல்லப்பா" என்றாள் நர்மதா.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "இல்ல கண்ணு" என்றார். "எம் மேலதான்."

அன்று மாலையே வண்டி மஜீதின் ஷெட்டுக்குப் போனது. அவர் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"அட ஆண்டவனே. நாத்தத்த நானே பேக்கிங் பண்ணி குட்த்துகீறேனா?"

"பழைய ஓட்டைய திருப்பிப் போட்டுருங்க மாமா" என்றாள் நர்மதா.

மஜீது சிரித்தார். "எல்லாரும் ஓட்டைய அடைக்கச் சொல்லி வருவாங்க. போடச் சொல்லி வந்தது நீதாம்மா மொத ஆளு. சரி, போட்டுடலாம். ஆனா கீழேர்ந்து ரோட்டுத் தண்ணி மேல அடிக்குமே. புள்ளைங்க சாக்ஸு நனையுமே. அதுக்கு இன்னா பண்றது?"

நர்மதா யோசித்தாள். காசிமேட்டு ஐஸ் கடையில் ஒரு ஜெனரேட்டர் உண்டு. அதன் புகைக்குழாய் மேல் ஒரு சின்ன மூடி ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளேயிருந்து புகை தள்ளினால் திறக்கும். புகை நின்றால் மூடிக்கொள்ளும். மழை உள்ளே போகாது.

"ஓட்டைல சின்னதா ஒரு குழாய் வெச்சு, அடியில சைக்கிள் டியூபு துண்டு ஒண்ண ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா? தண்ணி மேலேர்ந்து வந்தா தொறக்கும். கீழேர்ந்து அடிச்சா மூடிக்கும்."

மஜீது அப்பாவைப் பார்த்தார். அப்பா மஜீதைப் பார்த்தார்.

"செஞ்சி பாத்துருவோம்" என்றார் மஜீது.

வேலை முடிய சில நாட்கள் ஆயின. தரையைச் சுரண்டி, காயவைத்து, செங்காவிப் பெயிண்ட் அடித்தார்கள். குழாய் தாழ்வான பக்கத்தில் வந்தது. மேலே விரல் நுழையாத சல்லடை. ஒட்டிய விரிப்புக்குப் பதிலாக, எடுத்து உதறக்கூடிய ரப்பர்ப் பாய். கூடைகள் வைக்க ஓரம் மடித்த தகரத் தட்டு ஒன்றையும் மஜீது அடித்துக் கொடுத்தார். அதன் தண்ணீரும் அந்தக் குழாய்க்கே போனது.

வேலை நடந்த நாட்களில் நர்மதாவும் அஃப்ரித்தும் கூட்டம் பிதுங்கும் ஷேர் ஆட்டோவில் பள்ளிக்குப் போனார்கள். வண்டி திரும்பி வந்ததும் அஃப்ரித் குனிந்து சல்லடையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வேர்க்கடலத் தோலு போகாதே" என்று வருத்தப்பட்டான். பிறகு மூச்சை இழுத்துப் பார்த்தான். எதுவும் சொல்லாமல் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப் போனான்.

"மொதல்ல புள்ளைங்க திரும்பி வரட்டும்" என்றார் அப்பா அன்றிரவு சாப்பிடும்போது. "அப்பாலதான் கெங்கம்மாவக் கூப்புடணும். இல்லாட்டி மறுபடி எதுனா சொல்வாங்க."

நர்மதா சோற்றில் கை வைத்தபடி இருந்தாள்.

"தப்பு பண்ணாதவங்கதானப்பா மொதல்ல எறங்கிப் போனாங்க?" என்றாள். "அப்ப அவங்கதானே மொதல்ல ஏறணும்."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நர்மதாவின் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

சனிக்கிழமை பள்ளி இல்லை. விடியும்போதே நர்மதா அப்பாவோடு காசிமேட்டுக்குப் போனாள். அம்மாவின் ஷிப்டு அன்றைக்கும் இருந்ததால் ஒரு ஜடைதான் அம்மா பின்னியது. வானம் மூட்டமாக இருந்தது. ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. துறைமுக வாசலுக்கு வெளியே கெங்கம்மா தன் கூடைகளோடு தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோ ஒன்று வேகம் குறைத்து வந்து, கூடைகளைப் பார்த்ததும் நிற்காமல் போனது.

அப்பா வண்டியை அவள் முன்னால் நிறுத்தினார். இறங்கினார். வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா, நல்லா கீறியா?" என்றாள் கெங்கம்மா. முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, தரையில தண்ணி போற ஓட்டைய அடைச்சது நான்தான். அதான் நாறிச்சு. நீயில்ல. எம் பொண்ணுதான் கண்டுபுடிச்சா. வா அக்கா, ஏறு."

கெங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"இத்தினி நாளு நான்தான் நாறுறேன்னு நெனச்சிகினு கெடந்தேன் நைனா" என்றாள். "ரெண்டு சோப்பு போட்டுக் குளிச்சேன். எம் மவன் சோறு துன்ன பக்கத்துல வந்து குந்துனா, நானே தள்ளிப் போய்க் குந்துவேன். அவன் ஏம்மா தள்ளிப் போறேன்னு கேப்பான். இன்னான்னு சொல்றது அவன்கிட்ட?"

அப்பாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த நாட்களை இனி எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

நர்மதா கெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக, ஐஸ் தொட்டுத் தொட்டுச் சில்லிட்டுப் போன கை. "வா அத்த" என்றாள்.

கெங்கம்மா கூடையைத் தூக்கினாள்.

கூடைகளைத் தகரத் தட்டில் வைத்தார்கள். கெங்கம்மா சீட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சேறும் மீன் தண்ணீருமாக இருந்த கால்கள் இரண்டையும் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"கால கீழ வெச்சிக்கோ அத்த."

"வேணாம் கண்ணு. புது தர. கலீஜ் ஆயிடும்."

வண்டி கிளம்பியது. ராயபுரம் மறைந்து தண்டையார்பேட்டை வந்தது. கெங்கம்மா இன்னும் கால்களைத் தூக்கியே வைத்திருந்தாள். முழங்கால்கள் வலியில் நடுங்குவது நர்மதாவுக்குத் தெரிந்தது.

நர்மதா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். கெங்கம்மாவின் கால்களுக்குக் கீழே, புதுத் தரையில், முழு பாட்டிலையும் கவிழ்த்துக் கொட்டினாள்.

"அடிப் பாவி, இன்னா பண்ற?" என்று கெங்கம்மா பதறினாள்.

தண்ணீர் தயங்கவில்லை. தாழ்வான பக்கம் ஓடியது. ஒட்டியிருந்த செதில் ஒன்றையும் இழுத்துக்கொண்டு சல்லடையில் நுழைந்தது. கீழே சைக்கிள் டியூப் 'பட்' என்று திறந்து மூடிய சத்தம் கேட்டது. தரையில் ஒரு சொட்டு நிற்கவில்லை.

கெங்கம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஒரு காலை இறக்கினாள். பிறகு மற்றதையும் இறக்கி, இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டாள். அப்பா கண்ணாடியை நேராகத் திருப்பி வைத்தார்.

கெங்கம்மா இடுப்பில் கைவிட்டு எலுமிச்சை மூடியை எடுத்தாள்.

"திரும்பி குந்து" என்றாள். "இன்னா ஜட இது, இவ்ளோ கோணலா கீது."